உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு: பயோஇம்பீடன்ஸ் முறையில் சரியாக அளப்பது எப்படி?

எடைக் கருவியில் ஏறினால் எடை மட்டும் தெரிந்த காலம் போய்விட்டது. இப்போது கொழுப்பு சதவீதம், தசை, உடல்நீர், எலும்பு, இன்னும் என்னென்னவோ என்று ஒரு பட்டியலே திரையில் வந்து நிற்கிறது. அதைப் பார்த்து மகிழ்பவர்களும் உண்டு, கலங்கிப் போகிறவர்களும் உண்டு. முந்தாநாள் 23 சதவீதமாக இருந்த கொழுப்பு இன்று 25 ஆகிவிட்டதே என்று சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இரண்டு நாளில் ஏறிய அந்த இரண்டு சதவீதத்தில் உண்மையான கொழுப்புக்கு அநேகமாகப் பங்கே இருக்காது.

பயோஇம்பீடன்ஸ் என்பது உடலுக்குள் சிறு மின்னோட்டத்தை அனுப்பி, அதற்கு உடல் தரும் தடையை அளக்கும் முறை. மலிவானது, வலியில்லாதது, கதிர்வீச்சு இல்லாதது. ஒழுங்காகக் கையாண்டால் பல மாத மாற்றங்களை நன்றாகவே காட்டிக் கொடுக்கும். ஆனால் கருவி எதை அளக்கிறது, எதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் அதன் எண்கள் நமக்கு உதவும். முதன்முறை அளக்கப் போகிறவர்களுக்காக அதைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

கருவி அளப்பது என்ன?

கருவி ஒரு சிறிய மாறுதிசை மின்னோட்டத்தை உடலுக்குள் அனுப்புகிறது. அளவு 1 மில்லியாம்பியருக்கும் குறைவு, அதிர்வெண் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு வேகமாகத் திசை மாறும் இவ்வளவு சிறிய மின்னோட்டம் நரம்பையும் தசையையும் தூண்டாது. அதனால் நமக்கு எதுவும் தெரிவதில்லை.

உடலில் மின்சாரம் போவது நீரும் அதில் கரைந்த உப்புகளும் இருக்கும் வழியாக. தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர், ஆகவே அது நன்றாகக் கடத்தும். கொழுப்புத் திசுவில் நீர் மிகக் குறைவு, அது சரியாகக் கடத்தாது. ஒரு குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் தண்ணீர் எளிதாக ஓடும், ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் தடைபடும். மின்னோட்டத்துக்கும் அப்படியே. எனவே உடலின் நீளமும் மின்தடையும் தெரிந்தால், உள்ளே கடத்தும் நீரின் கன அளவை மதிப்பிடலாம். உயரத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்து வரும் எண்தான் இந்த முறை முழுவதற்கும் அச்சாணி.

அந்த எண்ணிலிருந்து மொத்த உடல்நீர் மதிப்பிடப்படுகிறது. கொழுப்பு நீங்கலாக உள்ள உடம்பில், அதாவது கொழுப்பில்லா நிறையில், சுமார் 73 சதவீதம் நீர் என்பது ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் விகிதம். அதை வைத்துக் கொழுப்பில்லா நிறையைக் கணக்கிடலாம். பல சமன்பாடுகள் உடல்நீரைத் தனியாகச் சொல்லாமல் நேராகவே கொழுப்பில்லா நிறைக்குப் போய்விடும். கடைசியாக, மொத்த எடையிலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது கொழுப்பு.

கவனியுங்கள், கொழுப்பு வருவது கழித்தலில். முன்னால் உள்ள ஒவ்வொரு படியில் ஏற்படும் பிழையும் கடைசியில் அதன் தலையில்தான் விழும்.

மின்தடையோடு ரியாக்டன்ஸ் என்ற இன்னொரு அளவும் உண்டு. செல் சவ்வுகள் சின்னஞ்சிறு மின்தேக்கிகள் போல நடந்துகொள்வதால் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்குச் சற்றே பின்தங்குகிறது, அதன் அளவு இது. மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்ததுதான் இம்பீடன்ஸ். 5 கிலோஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் சவ்வைத் தாண்ட முடியாமல் செல்களுக்கு வெளியே உள்ள நீர் வழியாகவே போகும். அதிர்வெண் கூடக் கூடச் சவ்வைத் தாண்டி உள்ளேயும் போகும். பல அதிர்வெண்களில் அளக்கும் கருவிகள் செல்லுக்கு உள்ளே எவ்வளவு நீர், வெளியே எவ்வளவு நீர் என்று பிரித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

பிரான்சைச் சேர்ந்த தோமாசே 1960களின் தொடக்கத்தில் தோலுக்கடியில் ஊசிகளைச் செருகி உடல்நீரை இப்படி ஆராய்ந்தார். 1969இல் ஹாஃபரும் உடன் ஆய்வாளர்களும் உயரத்தின் வர்க்கம், இம்பீடன்ஸ் இரண்டுக்குமான விகிதம் மொத்த உடல்நீரோடு நெருக்கமாகப் பொருந்துவதைக் காட்டினார்கள். ஊசி போய்த் தோலில் ஒட்டும் நான்கு மின்முனைகள் வந்து, 1980களில் முறை பரவலானது. காலை வைத்து நிற்கும் எடைக் கருவிகள் 1990களில் வந்தவை.

எந்தக் கருவி?

மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கருவிகளுக்கு இடையே உள்ள முக்கிய வேறுபாடு. வெறுங்காலோடு ஏறி நிற்கும் கருவியில் அது ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக இறங்கிவிடும். மேலுடம்பை அது பார்ப்பதே இல்லை, கால்களை வைத்து மீதியை ஊகிக்கிறது. கையில் பிடிக்கும் கருவியும் கைக்கடிகாரமும் நேர்மாறு, அவற்றின் வழி ஒரு கையிலிருந்து மறுகைக்கு. கைக்கு நான்கு, காலுக்கு நான்கு என எட்டு மின்முனைகள் உள்ள கருவிகள் ஒவ்வொரு கையையும் காலையும் நடுவுடலையும் தனித்தனியே அளக்கின்றன. மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் பயன்படும் இன்னொரு வகையில், ஆளைப் படுக்கவைத்து ஒரு பக்கத்துக் கையிலும் காலிலும் ஒட்டு மின்முனைகளைப் பொருத்துவார்கள்.

வாங்குவதாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: கருவியோ அதன் செயலியோ மின்தடையை ஓம் அளவில் காட்டுகிறதா? காட்டினால் அதற்கே முன்னுரிமை. பட்டியலில் எத்தனை எண்கள் வருகின்றன என்பது எனக்குப் பொருட்டே இல்லை. அடுத்ததாக, கால் மட்டும் அளக்கும் கருவியைவிட எட்டு மின்முனைக் கருவி மேல். குறிப்பாக மேலுடம்பில் கொழுப்பு சேரும் உடல்வாகு உள்ளவர்களுக்கும், கை, தோள் தசைகளுக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கும் இந்த வேறுபாடு முக்கியம்.

எதை எடுத்தாலும் அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். உடற்பயிற்சிக் கூடத்துக் கருவி 21 என்கிறது, வீட்டுக் கருவி 26 என்கிறது என்றால் எது பொய் என்று தேட வேண்டாம். வேறு வழித்தடம், வேறு சமன்பாடு, ஆகவே வேறு விடை.

யார் இதில் ஏறக் கூடாது?

பேஸ்மேக்கர், உடலுக்குள் பொருத்திய டிஃபிபிரிலேட்டர் (இதயத் துடிப்பு ஆபத்தாகக் குழம்பினால் மின்அதிர்ச்சி தந்து சரிசெய்வது) போன்ற மின்னணு மருத்துவக் கருவி உள்ளவர்கள் வீட்டில் இந்த முறையைப் பயன்படுத்தவே கூடாது. எடை மட்டும் பார்க்கும் நிலை கருவியில் இருந்தால், அளவீட்டு மின்னோட்டம் அணைந்திருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே ஏற வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்றே உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். அப்படியே அளந்தாலும் அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது, ஏனென்றால் உடல்நீரின் அளவும் பரவலும் அப்போது முற்றிலும் வேறு.

ஆபத்தில்லை, ஆனால் எண்ணை நம்ப முடியாது என்ற இன்னொரு கூட்டம் உண்டு. கால் வீக்கம், வயிற்றில் நீர் கோத்தல், சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவை இருந்தால் 73 சதவீத விகிதமே உடைந்துபோகும். கூடுதலாகத் தேங்கிய நீரைக் கருவி தசைக் கணக்கில் சேர்த்து, தசை நன்றாக இருப்பதாகக் காட்டும். உண்மையில் நோயாளி மெலிந்துகொண்டிருக்கலாம். இவர்களுக்கு மருத்துவர் வேறு விதமாகத்தான் இதைப் படிக்க வேண்டும். உடல் நிறைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) 34க்கு மேலோ 16க்குக் கீழோ இருந்தால் வழக்கமான சமன்பாடுகள் தடுமாறும். மூட்டில் உலோகம் பொருத்தியவர்களுக்கு, படுத்து அளக்கும் முறையில், உலோகம் இல்லாத பக்கத்தில் அளக்கலாம். குழந்தைகளுக்குத் தனிச் சமன்பாடுகள் உண்டு. பெரியவர்களுக்கான கருவியில் வயதை மாற்றிப் போட்டு அவர்களை ஏற்றுவதில் பயனில்லை.

அளப்பதற்கு முன்

மிக நல்ல நேரம் காலை. எழுந்து, சிறுநீர் கழித்து, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், குளிப்பதற்கு முன். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிழையை ஒழித்துவிடும் என்று தயங்காமல் சொல்வேன். காலையில் முடியாதவர்கள் வேறு நேரத்தில் அளக்கலாம். ஆனால் எப்போதும் அதே நேரம், கடைசியாகச் சாப்பிட்டதிலிருந்து அதே இடைவெளி.

அளப்பதற்கு முந்தைய 8 மணி நேரத்தில் கடும் உடற்பயிற்சியும் மதுவும் வேண்டாம். பயிற்சி முடித்த சூட்டில் தோலுக்கு ரத்தம் அதிகம் பாயும், தோலும் சூடாக இருக்கும். இரண்டும் மின்தடையைக் குறைப்பதால் கொழுப்பு குறைந்தது போலத் தோன்றும். ஓடி முடித்த கையோடு அளந்து ஒன்றரை சதவீதம் குறைந்ததாகப் பார்ப்பதெல்லாம் இப்படி வருவதுதான். குளிர்ந்த அறையில் கைகால் சில்லிட்டிருந்தால் எதிர்ப்பக்கமாக இழுக்கும்: மின்தடை ஏறும், கொழுப்பு கூடியதாகக் காட்டும். வெந்நீரில் குளித்த உடனேயும் வேண்டாம்.

உடல்நீர் வறண்ட நாளில் அளந்தால் மின்தடை கூடுதலாக வரும். கருவிக்கு அது தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் தெரியும். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், நீண்ட பயணத்துக்கு மறுநாள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

மாதவிடாய் சுழற்சியில் உடல்நீர் ஏறி இறங்கும். எனவே பெண்கள் ஒரு மாத அளவை இன்னொரு மாத அளவோடு ஒப்பிடும்போது சுழற்சியின் அதே கட்டத்தில் எடுத்தவற்றை ஒப்பிடுவது நல்லது. பலருக்கு ஏற்படும் தேவையில்லாத மனச்சோர்வை இந்த ஒரு விஷயம் தவிர்க்கும்.

அப்புறம், கருவியில் உங்கள் உயரத்தைப் போடுகிறீர்களே, அதை ஒருமுறை ஒழுங்காக அளந்து போடுங்கள். உயரம் வர்க்கமாகச் சேர்வதால் சிறு பிழையும் பெரிதாகும். எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கீழே கணக்கில் பார்க்கலாம்.

நின்று அளக்கும் முறை

கருவியைக் கெட்டியான, சமமான தரையில் வையுங்கள். கம்பளம், பாய் மேல் வைத்தால் எடையே தவறாக வரும். காலுறை இல்லாமல், பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, லேசான ஈரம் மட்டும் இருக்கும் நிலையில் ஏறுங்கள். எண்ணெய், களிம்பு பூசிய பாதம் கூடாது. தடித்துக் காய்ந்த குதிகால் தோல் உள்ளவர்களுக்கு இந்த ஈரம் மிகவும் தேவை.

குதிகால் பின் தகட்டிலும் முன்பாதம் முன் தகட்டிலும் படும்படி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தகடு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று மின்னோட்டத்தைச் செலுத்துகிறது, மற்றொன்று மின்னழுத்தத்தைப் படிக்கிறது. இப்படிப் பிரிப்பதால்தான் தோலில் படும் இடத்தின் தடை கணக்கில் பெரிதாகக் கலப்பதில்லை. பாதம் ஒரு தகட்டில் மட்டும் பட்டால் இந்த ஏற்பாடே குலைந்துவிடும்.

தொடைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வேண்டும். உரசினால் மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடும், தடை குறையும். உரசுகிறவர்கள் இடையே ஒரு உலர்ந்த துணியை வைத்துக்கொள்ளலாம். கைப்பிடி உள்ள கருவியில் கட்டைவிரலும் உள்ளங்கையும் அவற்றுக்குரிய தகடுகளில் நன்றாகப் பட வேண்டும். கைகளை நீட்டி, அக்குள் ஒட்டாதபடி உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடியுங்கள். அளந்து முடியும் வரை பேச வேண்டாம், அசைய வேண்டாம்.

எப்போதும் எழுந்து நின்று கிட்டத்தட்ட அதே நேரத்துக்குப் பிறகு அளப்பதும் முக்கியம். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நீர் மெல்லக் கால்களுக்கு இறங்கத் தொடங்கும்.

படுத்து அளக்கும் முறை

உடற்கூறு ஆய்வகத்திலோ உணவியல் பிரிவிலோ வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பகுதி. அளக்கப்படுகிறவர்களும் தெரிந்துவைத்திருந்தால் நல்லது, தவறாகச் செய்தால் கேட்கலாம்.

கட்டில் மின்கடத்தாத மேற்பரப்பு உள்ளதாக இருக்க வேண்டும். ஆள் மல்லாந்து படுத்து 5 முதல் 10 நிமிடம் அமைதியாக இருக்கட்டும். படுத்ததும் கால்களில் இருந்த நீர் நடுவுடலுக்கு நகரும், மின்தடை முதல் சில நிமிடங்களில் விறுவிறுவென ஏறி அப்புறம் மெதுவாகும். எனவே ஒருவருக்கு 2 நிமிடம், இன்னொருவருக்கு 15 நிமிடம் என்று விடக் கூடாது. உங்கள் ஆய்வகம் ஒரு நேரத்தை முடிவுசெய்து எல்லோருக்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். கைகள் உடம்பிலிருந்து சுமார் 30 பாகை விலகி, கால்கள் ஒன்றுக்கொன்று சுமார் 45 பாகை விரிந்து இருக்கட்டும். உள்ளங்கை கீழ்நோக்கி. கைகால்களில் உள்ள நகை, கடிகாரம், கொலுசு எல்லாம் கழற்றிவிடுங்கள்.

மின்முனை ஒட்டும் இடங்களை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். வழக்கமாக வலப்பக்கம். கையில் இரண்டு: மின்னோட்டம் செலுத்தும் முனை, புறங்கையில் நடுவிரலின் அடிமூட்டுக்குச் சற்று மேலே. மின்னழுத்தம் படிக்கும் முனை, மணிக்கட்டின் பின்புறத்தில் இரண்டு எலும்பு முண்டுகளுக்கும் நடுவில். காலிலும் அப்படியே: ஒன்று நடுக்கால்விரலின் அடிமூட்டுக்குச் சற்று மேலே, மற்றொன்று கணுக்காலின் முன்பக்கத்தில் இரு பக்க எலும்பு முண்டுகளுக்கு நடுவில். ஒரு கையிலோ காலிலோ உள்ள இரு முனைகளுக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் வேண்டும். சிறிய கை, சிறிய பாதம் உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காவிட்டால் மின்னழுத்த முனையை அதற்குரிய எலும்பு முண்டு மட்டத்திலேயே வைத்து, மின்னோட்ட முனையை விரல் பக்கமாக நகர்த்துங்கள். மின்னழுத்த முனை இடம் மாறினால் அளக்கும் நீளமே மாறிவிடும். மணிக்கட்டும் கணுக்காலும் ஒல்லியானவை, உடலின் தடையில் பெரும் பங்கு அங்கேதான். எனவே அங்கே ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுவதுகூட விடையில் தெரியும்.

வயர்களை அவற்றின் நிறக் குறியீட்டின்படி மாட்டி, மின்தடையையும் ரியாக்டன்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் ஒருமுறை அளந்தால் இரண்டும் சில ஓம்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முனை சரியாக ஒட்டவில்லை, அல்லது ஆள் அசைந்துவிட்டார். தினமும் வேலை தொடங்கும் முன் கருவியோடு வரும் சோதனை மின்தடையை மாட்டி, அதில் எழுதியுள்ள மதிப்பு வருகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கருவிக்குள் நடப்பதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தால் பல குழப்பங்கள் தாமாகத் தீரும். கருவி நிறுவனங்கள் தங்கள் சமன்பாட்டைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆனால் கைலும் உடன் ஆய்வாளர்களும் ஜெனீவாவில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட சமன்பாடு வெளிப்படையாகக் கிடைக்கிறது. ஆரோக்கியமான 343 பெரியவர்களின் அளவுகளை, எக்ஸ் கதிரால் எலும்பையும் கொழுப்பையும் மற்றத் திசுக்களையும் பிரித்தளக்கும் டெக்சா ஸ்கேனோடு ஒப்பிட்டு உருவாக்கியது அது. படுத்த நிலை, 50 கிலோஹெர்ட்ஸ் அளவீட்டுக்கு உரியது:

கொழுப்பில்லா நிறை (கிலோ) = −4.104 + 0.518 × (உயரத்தின் வர்க்கம் ÷ மின்தடை) + 0.231 × எடை + 0.130 × ரியாக்டன்ஸ் + ஆண் என்றால் 4.229, பெண் என்றால் 0. உயரம் சென்டிமீட்டரில், எடை கிலோவில், மற்ற இரண்டும் ஓமில்.

170 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை உள்ள ஓர் ஆணுக்கு மின்தடை 500 ஓம், ரியாக்டன்ஸ் 58 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 170ஐ வர்க்கமாக்கி 500ஆல் வகுத்தால் 57.8. எல்லாம் கூட்டிக் கழித்தால் கொழுப்பில்லா நிறை 53.8 கிலோ. மீதி 16.2 கிலோ கொழுப்பு, அதாவது 23.2 சதவீதம்.

அதே ஆள், அதே எடை, கைகால் சில்லிட்ட காலையில் மின்தடை 520 ஓம் வருகிறது. இப்போது கொழுப்பில்லா நிறை 52.6 கிலோ, கொழுப்பு 24.8 சதவீதம். 20 ஓம் மாறியதற்கே 1.6 சதவீதம்!

உயரத்தை 172 என்று தவறாகப் போட்டிருந்தால்? கொழுப்பில்லா நிறை 0.7 கிலோ கூடி, கொழுப்பு 22.2 சதவீதம் ஆகும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அடுத்தது. அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உடனே அளக்கிறார். எடை 70.5 கிலோ. குடித்த நீர் இன்னும் இரைப்பையில், அதாவது நடுவுடலில் இருக்கிறது. நடுவுடல் உடல் நிறையில் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தாலும், அகலமாக இருப்பதால் முழு உடலின் மின்தடையில் அதன் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். எனவே மின்தடை அநேகமாக மாறாது. எடை கூடிய அரை கிலோவில் 0.12 கிலோவைச் சமன்பாடு கொழுப்பில்லா நிறையில் சேர்க்கும், மீதி 0.38 கிலோவைக் கொழுப்பு என்று எழுதிவிடும். தண்ணீர் கொழுப்பாகப் பதிவாகிறது. வெறும் வயிற்றில் அளக்கச் சொல்வது இதனால்தான்.

சமன்பாடு எந்த மக்களிடமிருந்து பிறந்ததோ அவர்களைப் போன்றவர்களுக்கே நன்றாகப் பொருந்தும் என்பதும் இங்கே விளங்கும். கைகால் நீளத்துக்கும் நடுவுடலுக்கும் உள்ள விகிதம் இனத்துக்கு இனம் மாறுபடுகிறது, வயதோடு உடல்நீரும் மாறுகிறது. கருவியில் ‘விளையாட்டு வீரர்’ என்ற தேர்வை அழுத்தினால் கொழுப்பு திடீரெனக் குறைவதும் சமன்பாடு மாறுவதால்தான், உடல் அப்படியேதான் இருக்கிறது. வாரத்துக்குப் பல மணி நேரம், பல ஆண்டுகளாகக் கடும் பயிற்சி செய்பவர் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள்.

எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு?

மின்தடை, ரியாக்டன்ஸ் இரண்டும் அளந்தவை. இவற்றிலிருந்து கட்டக் கோணம் வருகிறது, கருவிகள் இதை ஃபேஸ் ஆங்கிள் என்று காட்டும். நமது எடுத்துக்காட்டில் அது 6.6 பாகை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 50 கிலோஹெர்ட்ஸில் சுமார் 5 முதல் 7 பாகை வரை இருப்பது வழக்கம். ஆண்களுக்குச் சற்றுக் கூடுதல், முதுமையிலும் ஊட்டக்குறைவிலும் நாள்பட்ட நோயிலும் குறையும். இதற்கு எடையும் உயரமும் சமன்பாடும் எதுவும் தேவையில்லை. ஆகவே மருத்துவத்தில் இதற்கு மதிப்பு கூடிக்கொண்டே வருகிறது. உங்கள் கருவி இதைக் காட்டினால் தவறாமல் குறித்துவையுங்கள்.

மொத்த உடல்நீரும் கொழுப்பில்லா நிறையும் ஒரு படி தள்ளி இருப்பவை, ஓரளவு நம்பலாம். கொழுப்பு சதவீதம் இன்னொரு படி தள்ளி. நல்ல கருவி, நல்ல நிலைமை என்றாலும் தனி ஒருவருக்கு 3 முதல் 4 சதவீதப் புள்ளிகள் இப்படியோ அப்படியோ இருக்கலாம். 23 என்று வந்தால் உண்மை 19க்கும் 27க்கும் இடையே எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கைகால் தசை அளவு எட்டு மின்முனைக் கருவியில் வரும். முதியவர்களின் தசைநலிவைக் கண்டறிய இது உதவுகிறது. ஆசியத் தசைநலிவுப் பணிக்குழு 2019இல் இந்த முறைக்கென வைத்த எல்லை, கிலோவில் உள்ள கைகால் தசை நிறையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஆண்களுக்கு 7.0, பெண்களுக்கு 5.7. அதற்குக் கீழே வந்தால் பிடிவலிமையையும் நடைவேகத்தையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்வார்கள்.

எலும்பு நிறை என்று வருவதை எலும்பு அடர்த்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எலும்பைக் கருவி பார்க்கவே இல்லை, கொழுப்பில்லா நிறையிலிருந்து ஒரு விகிதம் போட்டுச் சொல்கிறது. எலும்புத் தேய்மானம் பற்றிய கவலை இருந்தால் அதற்கு டெக்சா ஸ்கேன்தான். வயிற்று உட்கொழுப்பு அளவும் தோராயமான ஊகமே, இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளப்பது அதைவிட உறுதியானது. ‘உடலின் வயது’ என்று வருவதை நான் படிப்பதே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்ட எண் அது.

தொடர்ந்து அளப்பது

தொடங்கும் வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து காலைகள், ஒரே நிலைமையில், ஒவ்வொரு காலையும் இரண்டு முறை அளந்து சராசரியைக் குறித்துவையுங்கள். ஐந்து நாளில் உங்கள் உடலின் கொழுப்பும் தசையும் சொல்லும்படி மாறியிருக்காது. எனவே அந்த ஐந்து எண்களுக்குள் தெரியும் வேறுபாடு முழுவதும் அளவீட்டின் தள்ளாட்டம். மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் 1.5 சதவீதம் வேறுபாடு என்றால், பின்னால் வரும் மாதங்களில் 1.5க்கு உள்ளான எந்த மாற்றத்தையும் மாற்றம் என்று எண்ணாதீர்கள். யாரோ சொன்ன பொதுவான பிழை அளவைவிட, உங்கள் கருவிக்கும் உங்கள் உடலுக்கும் உரிய இந்த எண் பல மடங்கு பயனுள்ளது.

அதற்குப் பிறகு மாதம் ஒரு வாரம், மூன்று அல்லது நான்கு காலைகளின் சராசரி போதும். தேதி, நேரம், எடை, மின்தடை, ரியாக்டன்ஸ், கொழுப்பு சதவீதம், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் உறக்கம், உடல்நலம், மாதவிடாய் நாள், முந்தைய நாள் பயிற்சி பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஏறி நின்று பார்ப்பதால் தகவல் கூடாது, பதற்றம்தான் கூடும்.

மாவுச்சத்தைக் குறைத்து உணவுத் திட்டம் தொடங்கியவர்கள் முதல் இரண்டு வாரத்து எண்களை ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம். உடல் மாவுச்சத்தைத் தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் குறையும்போது அந்த நீரும் போய்விடும், கருவி அதைத் தசை இழப்பாகக் காட்டும். பளுப் பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் கிரியாட்டின் என்ற துணைச்சத்தைத் தொடங்கியவர்களுக்கு இது தலைகீழ்: தசைக்குள் நீர் கூடுவதால் சில நாட்களிலேயே தசை ஏறியதாகத் தோன்றும். இரண்டிலும் மாறியது நீர்.

எண்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது எதை நம்புவது? இடுப்புச் சுற்றளவு குறைகிறது, எடையும் மெல்லக் குறைகிறது, கொழுப்பு சதவீதம் மட்டும் அசையவில்லை என்றால் நாடாவை நம்புங்கள். எடை அப்படியே இருக்க, மின்தடை மாதாமாதம் சீராக இறங்கி, தூக்கும் பளுவும் கூடினால் தசை சேர்கிறது என்று கொள்ளலாம். மின்தடை திடீரெனக் கீழே விழுந்து, எடையும் சில நாட்களில் ஏறி, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது என்றால் அது நீர் கோத்தலாக இருக்கலாம். அந்த நேரத்தில் கருவி காட்டும் தசை உயர்வைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள், குறித்துவைத்த எண்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.